கால் தரையிலே, கத்தி உச்சியிலே

ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் வேலி வளராமல் நின்றுவிடுமா?

டிரைவரம்மாவின் கொழுந்தன் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். வேலி வெட்ட ஏறிய அவள் ஏணியிலிருந்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்ட மறுநாளே, அந்த ஏணியைத் தன் மரக்கடைக்கு ஏற்றிக்கொண்டு போனவர் அவர்தான். இப்போது மணிக்கட்டு கூடிவிட்டது, கட்டும் பிரித்தாயிற்று. வேலிச்செடி மட்டும் யாரையும் கேட்காமல் வளர்ந்து, தெருவில் நின்று பார்த்தால் ஜன்னல்கூடத் தெரியாத அளவுக்கு வந்துவிட்டது.

போன வாரச் சண்டைக்கு அதுதான் காரணம்.

"வேலியையே பாத்துக்க முடியல. வீட்டை எப்படி அண்ணி பாத்துப்பீங்க?" என்று கேட்டார் கொழுந்தன். கேட்டதோடு விடவில்லை. வீட்டை விற்றுவிடுவது, டிரைவரம்மா மகனுடைய அடுக்குமாடி வீட்டுக்குப் போய்விடுவது என்று அவரும் மகனும் பேசி முடித்தே வந்திருந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் வீடு பார்க்க ஆள் வருவதாக ஏற்பாடு.

டிரைவரம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அதுக்குள்ள நானே வேலிய வெட்டியிருந்தா?"

கொழுந்தன் சிரித்தார். "வெட்டிக் காட்டுங்க அண்ணி. அப்புறம் இந்த வாசல்ல நின்னு விக்கற பேச்சையே எடுக்க மாட்டேன்."

அவர் சிரித்ததுதான் தப்பு. ஆயுசில் பாதியை நகரப் பேருந்தின் ஸ்டியரிங்கில் கழித்தவளைப் பார்த்து யாரும் அப்படிச் சிரிக்கக் கூடாது.

சனிக்கிழமையும் வந்துவிட்டது.

காலையில் சமையலறை மேசைமேல் தரை துடைக்கும் கம்பு ஒன்றும், துருப்பிடித்த தோட்டக் கத்தரி ஒன்றும், அகலமான ஒட்டு நாடாச் சுருளும் கிடந்தன. கத்தரியைக் கம்பின் நுனியில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள் டிரைவரம்மா. கத்தரிக்கு இரண்டு கைப்பிடி. ஒன்றைக் கம்போடு கட்டிவிடலாம். மற்றொன்றை உச்சியில் யார் அமுக்குவது? கயிறு கட்டி இழுக்கலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது, வாசலில் வேன் ஒன்று வந்து நின்றது.

இறங்கியவள் மருமகள்.

மாமியாரும் மருமகளும் முகம் கொடுத்துப் பேசி மாதக்கணக்காகிறது. ஏணியிலிருந்து விழுந்த அன்று, மருத்துவமனையில் அத்தனை பேர் முன்னால், "கொஞ்சமாவது யோசிச்சீங்களா அத்தை?" என்று மருமகள் சத்தம் போட்டாள். "என்னை அதட்ட நீ யாரு?" என்று பதிலுக்கு இவள் கேட்டாள். அதோடு சரி.

மருமகள் கதவருகே நின்றபடி மேசையைப் பார்த்தாள். கம்பைப் பார்த்தாள். கத்தரியைப் பார்த்தாள்.

"இது என்ன அத்தை?"

"பாத்தா தெரியலையா? வேலி வெட்டற மிஷினு."

மருமகளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"நீயும் வேண்டாம்னு சொல்லத்தான் வந்திருக்கியா?" என்றாள் டிரைவரம்மா, ஒட்டு நாடாவைப் பல்லால் கடித்து அறுத்தபடி. "சொல்லிட்டுப் போ. காது ரெண்டும் சும்மாதான் இருக்கு."

"வெட்டாதீங்கன்னு சொல்ல வரல. தப்பா வெட்டிடாதீங்கன்னு சொல்ல வந்தேன்."

ஒட்டு நாடா டிரைவரம்மாவின் உதட்டிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

மருமகளுக்குக் கருவிகளை வாடகைக்கு விடும் கடையில் வேலை. துளைபோடும் இயந்திரம், புல்வெட்டி, தண்ணீர் இறைக்கும் மோட்டார் எல்லாம் அவள் கை வழியாகத்தான் போய் வரும். வேனின் பின்கதவைத் திறந்து, போர்வை சுற்றிய நீளமான ஒன்றை இழுத்து எடுத்தாள்.

"பேட்டரில ஓடற டிரிம்மர். வயர் கிடையாது, இழுத்துக்கிட்டுத் திரிய வேண்டாம். கம்ப நீட்டிக்கலாம், நுனிய மடக்கிக்கலாம். ஏணியே வேண்டாம். ரெண்டு காலும் தரையில இருக்கும்."

டிரைவரம்மா அதைச் சுற்றி வந்து பார்த்தாள். புது வண்டியைக் கையில் கொடுத்தால் ஓட்டுநர்கள் சுற்றி வருவார்களே, அப்படி. நீளமான கம்பு. முனையில் சுறாமீன் வாய்போல் இரண்டு பக்கமும் பல் வைத்த கத்தி, அதற்கு ஓர் உறை. அடிப்பக்கத்தில் இரண்டு விசைகளும் பேட்டரி செருகும் பள்ளமும்.

"குடு, ஓட்டிப் பாக்கறேன்."

"ஓட்டறதுக்கு முன்னாடி என்ன செய்வீங்க?"

"எதை?"

"பஸ்ஸை."

டிரைவரம்மா கண்ணைச் சுருக்கினாள். பிறகு மெல்லச் சொன்னாள். "சுத்தி வந்து பாப்பேன். டயர், பிரேக், கண்ணாடி. அடியில நாய் படுத்திருக்கான்னு குனிஞ்சும் பாப்பேன்."

"அதேதான். வாங்க, வேலிய சுத்தி வருவோம்."

சுற்றி வந்தார்கள். இலைகளை விலக்கி உள்ளே பார்த்தபோது, செடிக்குள் பழைய இரும்புக் கம்பி ஒன்று ஓடியது. செடி சின்னதாக இருந்த காலத்தில் சாயாமல் நிற்க அவள் கணவர் இழுத்துக் கட்டியது. கத்தி அதில் பட்டிருந்தால் பல் தெறித்து முகத்துக்கு வந்திருக்கும். குறடு கொண்டு வெட்டி உருவினார்கள். நடுவில் ஒரு கிளைக் கவட்டில் குருவிக்கூடு இருந்தது. உள்ளே மூன்று வாய்கள் திறந்து மூடின.

"இந்த இடத்தைத் தொடக் கூடாது. குஞ்சு பறக்கறவரைக்கும் விட்டுடுவோம்," என்று மருமகள் அந்தக் கிளையில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினாள்.

வேலியின் கோடிக்கு வந்ததும் இருவருமே அண்ணாந்து பார்த்தார்கள். தெருமுனைக் கம்பத்திலிருந்து மின்கம்பிகள் அந்தக் கோடிக்கு மேலாக வீட்டுக்கு இறங்கி வந்தன.

"இதோட கம்பு முழுக்க உலோகம் அத்தை. கரண்டுக் கம்பியில பட்டாத்தான் ஷாக் அடிக்கும்னு இல்ல, பக்கத்துல போனாலே பாயலாம். கம்பிக்கும் உங்களுக்கும் நடுவுல ஒரு முழு பஸ் நிக்கணும். அந்த அளவு தள்ளி."

"அப்ப அந்தக் கோடி?"

"அதுக்கு மின்வாரிய ஆளுங்க வரணும். லைனை நிறுத்திட்டு அவங்க வெட்டுவாங்க. நேத்தே போன்ல சொல்லிட்டேன். திங்கக்கிழமை வர்றாங்க."

நேற்றே சொல்லியிருக்கிறாள்! டிரைவரம்மா மருமகளை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

தலைக்கவசம், கண்ணாடி, காதடைப்பான், முழுக்கைச் சட்டை, கனமான கையுறை, வழுக்காத பூட்ஸ். எல்லாம் மாட்டி முடித்ததும் டிரைவரம்மா முன்னறைக் கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். "நிலாவுக்குப் போறேன், வர லேட்டாகும்னு சொல்லிடு."

நடைபாதையின் இரண்டு பக்கமும் கயிறு கட்டி, ஆள் வராமல் மறித்தாள் மருமகள். தோள்வாரை மாமியாருக்கு மாட்டி, கொக்கியில் டிரிம்மரைத் தொங்கவிட்டு, முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தாள். தராசுபோல் அது நேராக நிற்கும் இடம் வந்ததும் இறுக்கினாள்.

"கனத்தைத் தோள் பாத்துக்கும். கை திசை காட்டினா போதும். மணிக்கட்டுல வலி வந்தா அப்பவே நிறுத்திடணும். வீம்பு கூடாது."

"வீம்பு இல்லாம நான் ஏன்மா இந்த வேஷத்துல நிக்கறேன்?"

"வீம்ப மனசுல வெச்சுக்குங்க அத்தை. கையில வேண்டாம்."

கத்தியின் உறையைக் கழற்றினாள். பேட்டரியைக் கடைசியாகச் செருகினாள். "நுனிய மடக்கணும்னாலும் சரி, எதாவது சிக்கினாலும் சரி, முதல்ல பேட்டரி வெளிய. அப்புறம்தான் கை உள்ள. உங்களுக்குக் காது கேக்காது. நான் முன்னாடி வந்து ரெண்டு கையையும் தூக்கினா, உடனே விசைய விட்டுடணும்."

"கண்டக்டர் விசில் மாதிரி."

"ஆமா. இன்னிக்கு நான்தான் கண்டக்டர்."

இரண்டு விசையையும் சேர்த்து அமுக்கினாள் டிரைவரம்மா. கம்பின் வழியாக ஓர் உதறல் தோளுக்கு ஏறியது. முதல் வீச்சிலேயே அவசரப்பட்டு நுனியைச் செடிக்குள் குத்திவிட்டாள். இலைச் சுவரில் ஒரு பள்ளம் விழுந்தது. திரும்பிய வேகத்தில் அடிப்பக்கம் போய் வாசல் கதவில் 'டங்' என்று இடித்தது.

மருமகள் இரண்டு கையையும் தூக்கினாள். இயந்திரம் நின்றது.

"முன்னாடி போறதை மட்டும் பாத்தேன். பின்பக்கம் வளையறத மறந்துட்டேன்," என்று டிரைவரம்மாவே முந்திக்கொண்டாள். "முதல் நாள் பஸ்ஸ எடுத்தப்பவும் இதேதான். டீக்கடை பெஞ்ச ஒடிச்சேன்."

அடுத்த வீச்சு நிதானமாக வந்தது. சுவருக்கு வெள்ளையடிப்பதுபோல் கீழிருந்து மேலே, மறுபடி கீழிருந்து மேலே. வெட்டிய இலைகள் வெட்டாத இடத்தில் சிக்காமல் அப்பால் விழுந்தன. கத்திக்கு நேர் கீழே நிற்காமல் ஒரு பக்கமாகத் தள்ளி நின்றாள். எட்டாத இடத்துக்கு எம்பாமல் காலை எடுத்து வைத்து நகர்ந்தாள். கட்டைவிரலைவிடத் தடித்த கிளை வந்தால் கத்தியைத் திணிக்காமல் விட்டுவிட்டாள். அதை மருமகள் பின்னால் வந்து கைரம்பத்தால் அறுத்தாள்.

"நேரா சுவர் மாதிரி வேண்டாம் அத்தை. அடி கொஞ்சம் அகலமா, மேல ஒடுக்கமா. இல்லைன்னா கீழ வெயில் படாம மொட்டையாயிடும்," என்றாள் பேட்டரி மாற்றும்போது.

"பாவாடை மாதிரின்னு சொல்லு. புரியும்."

பக்கவாட்டை முடித்த பிறகு, பேட்டரியைக் கழற்றி, நுனியை மடக்கி, மேல்பகுதியைத் தொடங்கினாள். உச்சியிலிருந்த முரட்டுக் கொழுந்துகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. மறைந்திருந்த ஜன்னல் வெளியே வந்தது. அதன் கண்ணாடியில் வானம் தெரிந்தது. டிரைவரம்மா வாய்விட்டுச் சிரித்தாள். காதடைப்பான் மாட்டியிருந்ததால், அந்தச் சிரிப்பு எவ்வளவு உரக்கக் கேட்டது என்று அவளுக்குத் தெரியாது. எதிர்வீட்டில் கதவைத் திறந்து பார்த்தார்கள்.

வெயில் சாயும் நேரத்துக்கு, குருவிக்கூட்டு இடத்தை விட்டால், கோடி ஒன்றுதான் பாக்கி. மருமகள் கயிற்றைச் சுருட்டப் போனாள். டிரைவரம்மா பேட்டரியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, டிரிம்மரைச் சுவரோரம் படுக்க வைத்தாள். ஒரு மிடறு தண்ணீர் குடிப்பதற்குள் கொழுந்தனின் கார் வந்து நின்றது.

இறங்கியவர் வேலியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கண் கோடிக்குப் போனது.

"அது என்ன அண்ணி, அங்க மட்டும் குடுமி மாதிரி நிக்குது?"

"அது வெட்டற இடமில்ல தம்பி. மேல கரண்டு போகுது. திங்கக்கிழமை ஆள் வருது."

"ஆக, முழுசா வெட்டல."

"வெட்டக் கூடாததை வெட்டாம விட்டதும் வேலைதான்."

"இந்தச் சமாளிப்பெல்லாம் வேண்டாம். முடியலன்னா முடியலன்னு சொல்லுங்க. நான் மரத்துலயே பொறந்து வளந்தவன். நகருங்க, ரெண்டு இழுப்புல முடிச்சுக் காட்டறேன்."

அவள் தடுப்பதற்குள் டிரிம்மரை எடுத்துவிட்டார். கோடிக்குப் போய் விசையை அமுக்கினார். ஓடவில்லை. மறுபடி அமுக்கினார்.

"என்ன இது, ஓடவே மாட்டேங்குது?"

"ஓடாது. அதோட உசுரு என் பையில இருக்கு. கீழ வைங்க."

கேட்டால்தானே! ஓடாவிட்டால் என்ன, கிளையைக் கொக்கிபோல் வளைத்து ஒடித்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. கம்பை முழுக்க நீட்டினார். செங்குத்தாகத் தூக்கினார். கத்தியின் நுனி இலைகளைத் தாண்டி, கம்பிகளை நோக்கி ஏறியது.

"நிறுத்து!"

நெரிசல் பேருந்தின் கடைசி இருக்கைவரை எட்டிய குரல் அது. கொழுந்தன் விறைத்துப்போனார். நுனி மேலே ஏறவும் இல்லை, கீழே இறங்கவும் இல்லை.

டிரைவரம்மா ஓடிப்போய் அதைப் பிடிக்கவில்லை. பிடித்தால் இரண்டு பேரும் போவோம் என்று அவளுக்குத் தெரியும். இருந்த இடத்திலேயே நின்று, குரலைத் தணித்துக்கொண்டாள்.

"தம்பி, மேல பாக்காதீங்க. என்னைப் பாருங்க. அப்படியே உங்க பக்கமா, பின்னால சாய்ச்சு இறக்குங்க. மெதுவா. இன்னும். இன்னும் கொஞ்சம். விடுங்க."

கம்பு புல்லில் விழுந்தது. அதன் பிறகே கொழுந்தன் அண்ணாந்து பார்த்தார். கம்பி இருந்த உயரத்தையும் கீழே கிடந்த கம்பின் நீளத்தையும் கண்ணால் அளந்தார். நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

இதையெல்லாம் தெருவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது இன்னொரு முகம். மகன். அவன் பின்னால் வீடு பார்க்க வந்த கணவனும் மனைவியும் நின்றார்கள்.

"அம்மா!" என்று ஓடி வந்தான் மகன். "இதுக்குத்தான் சொன்னேன்! உங்களுக்கு எதாவது ஆயிருந்தா?"

"எனக்கா? ஆகப் பாத்தது யாருக்கு? கண்ணத் தொறந்து பாருடா."

மகன் சித்தப்பாவைப் பார்த்தான். அவர் தலையைத் தூக்கவில்லை.

"அண்ணன் போறப்ப என் கையப் புடிச்சு, அவளப் பாத்துக்கடான்னு சொன்னாரு," என்றார் கொழுந்தன், தரையைப் பார்த்தபடி. "நீங்க ஏணிலேருந்து விழுந்தீங்க. நான் பாத்துக்கலேன்னு ஆயிடுச்சு. அதான் அண்ணி..."

டிரைவரம்மாவின் கோபம் கொஞ்சம் இறங்கியது. கொஞ்சம்தான்.

"பாத்துக்கன்னுதான் சொன்னாரு. விக்கச் சொல்லல. பயந்தீங்கன்னா, பயமா இருக்குன்னு வந்து சொல்லுங்க. காப்பி போட்டுத் தர்றேன். என் வீட்டுல என்ன செய்யலாம்னு என்னைக் கேக்காம முடிவு பண்ணாதீங்க." மகன் பக்கம் திரும்பினாள். "உனக்கும் சேத்துதான் சொல்றேன்."

தலைக்கவசத்தோடே வாசலுக்குப் போய், வந்தவர்கள் முன்னால் நின்றாள்.

"வீடு விக்கறதில்லைங்க. உங்களை அலைய வெச்சதுக்கு மன்னிச்சுக்குங்க. உள்ள வந்து தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

கணவன் முகம் சுளித்தான். மனைவி வேலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்களா வெட்டினீங்க? அந்த மிஷின் எந்தக் கடைல வாடகைக்குத் தர்றாங்க?" என்று கேட்டாள். மருமகள் ஓடிவந்து கடை எண்ணைச் சொன்னாள்.

அவர்கள் போன பிறகு கொழுந்தன் எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு காருக்கு நடந்தார். கதவைத் திறந்தவர் நின்றார்.

"சொன்ன சொல் சொல்தான். இந்த வாசல்ல அந்தப் பேச்சு இனிமே வராது."

"வேற வாசல்லயும் வேண்டாம்," என்றாள் டிரைவரம்மா.

அவர் தலையாட்டிவிட்டுத்தான் போனார்.

மகன் குனிந்து, வெட்டிக் கிடந்த கிளைகளை அள்ளத் தொடங்கினான். அம்மாவோடு பேச எப்போதுமே அவனுக்கு இப்படி ஏதாவது ஒரு வேலை வேண்டும். அவள் அவனை அள்ளவிட்டாள்.

டிரிம்மரின் கத்தியை மருமகள் துணியால் துடைத்து, எண்ணெய் தடவி, உறை போட்டாள். இருவருமாக வேனுக்குத் தூக்கிப்போனார்கள். உள்ளே வைக்க இடம் பண்ணுவதற்காகப் போர்வையை நகர்த்திய டிரைவரம்மாவின் கை, எதிலோ இடித்தது.

ஒரு துணிப்பெட்டி. புடைத்துக்கொண்டிருந்தது. மேலே மருமகள் வேலைக்குப் போட்டுப்போகும் செருப்பு, ஒரு தலையணை.

டிரைவரம்மா திரும்பிப் பார்த்தாள். மருமகள் எண்ணெய்த் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். அதை மடிக்க அவ்வளவு நேரம் தேவையில்லை.

"உங்களை அங்க கூட்டிட்டு வர்றதாப் பேசி முடிச்சாங்க இல்ல," என்றாள், துணியைப் பார்த்தபடி. "உங்களையும் கேக்கல. என்னையும் கேக்கல. ஏன் கேக்கலன்னு உங்க பிள்ளைகிட்ட கேட்டேன். அதுல என்ன கேக்கறதுக்கு இருக்குன்னாரு." குரல் உடையவில்லை. இறுகியிருந்தது. "அதான் வந்துட்டேன். எவ்வளவு நாளைக்குன்னு தெரியல. தங்கலாமா, வேண்டாமான்னு நீங்க சொல்லுங்க அத்தை. நான் கேட்டுட்டுதான் உள்ள வருவேன்."

டிரைவரம்மா பெற்ற பிள்ளை அவன். கட்டிக்கொண்டவன் மேல் கோபித்து வந்தவளை வீட்டுக்குள் சேர்த்தால் அவன் முகம் என்னவாகும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். மகன் வாசலில் குனிந்து நிமிர்வது வேனின் கண்ணாடியில் தெரிந்தது. ஒரு கணம் அதையே பார்த்தாள்.

பிறகு பெட்டியை இழுத்துக் கீழே வைத்தாள்.

"உள் ரூம் ஜன்னல் கொஞ்சம் இறுக்கமா இருக்கும். ஓங்கித் தள்ளினாத்தான் திறக்கும்."

"குடுங்க அத்தை, உங்க மணிக்கட்டு..."

"ஒரு நாள் முழுக்க வேலி வெட்டியிருக்கேன். உன் துணி கனமாயிடுமா எனக்கு?"

வாசற்படியில் ஏறும்போது மகன் நிமிர்ந்தான். அவன் இரண்டு கையிலும் கிளைகள். அம்மாவைப் பார்த்தான். அவள் கையில் இருந்ததைப் பார்த்தான்.

"அது... நம்ம பெட்டிதானே?"

மாமியார் நிற்காமல் உள்ளே போனாள். மருமகள் மட்டும் படியில் நின்று திரும்பினாள்.

"இது என் பெட்டி. நம்ம பெட்டி அலமாரி மேல அப்படியேதான் இருக்கு."

அவளும் உள்ளே போய்விட்டாள். உள்ளறையில் யாரோ ஜன்னலை ஓங்கித் தள்ளும் சத்தம் கேட்டது. கைநிறையக் கிளைகளோடு, அவற்றை எங்கே போடுவது என்று தெரியாமல் மகன் வாசலிலேயே நின்றான்.